நாலாம் ஸ்பாட்: பூஜ்யம்

ஜனவரி 7, திங்கள்

உதவியாளர் கேத்தன் இன்றும் அரை மணி நேரம் தாமதம். கேட்டால், "தடத்துல யானை நின்னுச்சு மேடம்" என்கிறார். யானை நின்றதற்கு நான் யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

கரிங்கொல்லிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. பவானியில் பதினாறு வருடம் கொசுப்புழு பார்த்தேன். தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை. இங்கே உண்ணி. சுகாதார நிலையத்துக்குப் பின்னால் தொடங்கும் காட்டில் ஐந்து ஸ்பாட் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள்தோறும் ஐந்திலும் வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின்மேல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆளோ மாடோ போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை நின்று இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு, எண்ணி, ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். குப்பிகள் ஆய்வகத்துக்குப் போகும்.

மாட்டில் பட்டாணி போலத் தொங்குகிற உண்ணி மனுஷனை அவ்வளவாகக் கடிக்காது. காட்டு உண்ணி அப்படியில்லை. ஹீமாஃபைசாலிஸ் என்று முழுப்பெயர். நாங்கள் ஹீமா என்போம். அதன் குஞ்சு எள்ளில் பாதி இருக்கும், யார் கால் என்று பார்க்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் குரங்குக் காய்ச்சல் வந்த இடத்திலெல்லாம் இதுதான். குரங்கு செத்து உடம்பு ஆறியதும் மேலிருந்த உண்ணியெல்லாம் இறங்கி, அதே இடத்தில் அடுத்த உடம்புக்குக் காத்திருக்கும்.

இன்றைய கணக்கு: ஒன்றில் 9, இரண்டில் 14, மூன்றில் 6, ஐந்தில் 8. நாலில் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டோம், 3. நாலுக்குப் பாதை சரியில்லை. மூங்கில் காட்டைத் தாண்டி இறங்கி ஏறிப் போய்வர மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது.

அங்கே துணி இழுத்துக்கொண்டிருந்தபோது கிளை முறிகிற சத்தம் கேட்டது. ஒற்றைக் கொம்பன் யானை. முப்பதடி இருக்கும். கேத்தன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் ஓடவில்லை, அவர் இழுத்ததால் வேகமாக நடந்தேன். இடுக்கி அங்கேயே விழுந்துவிட்டது.

ஜனவரி 14, திங்கள்

நாளை பொங்கல். நேரத்தை மிச்சம் பிடிக்க, கடைசி இரண்டு ஸ்பாட்டையும் பிரித்துக்கொண்டோம். ஐந்துக்குக் கேத்தன், நாலுக்கு நான். விதிப்படி இருவர் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் பண்டிகை சமயம், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

பன்னிரண்டே காலுக்குப் பிரிந்தோம். நாலில் ஒன்றும் சிக்கவில்லை. பூஜ்யம்.

ஒரு மணிக்குக் குவார்ட்டர்ஸில் சாதம் வடித்து, மகளோடு ஃபோனில் பேசினேன். பிளஸ் டூ மாடல் எக்ஸாமுக்குப் பயமாக இருக்கிறதாம். பயந்தால் எதுவும் நடக்காது என்று சொன்னேன்.

ஜனவரி 21, திங்கள்

இதே ஏற்பாடு வசதியாக இருப்பதால் தொடர்கிறோம். நாலில் பூஜ்யம்.

கேத்தன் ஐந்திலிருந்து திரும்பி வந்தபோது மணி நாலு. ஐந்தாம் ஸ்பாட் இங்கிருந்து கூப்பிடு தூரம். அவருடைய பூட்ஸில் செம்மண். ஐந்தில் கருமண்தானே? செம்மண் ஓடை இருப்பது மூங்கில் காட்டுக்கு அப்பால்.

"எங்க சுத்திட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா, தேனீ போற வழி பார்த்தேன்." குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். அப்புறம், ரெஜிஸ்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நாலுல ஒண்ணும் இல்லையா மேடம்?"

"இல்ல."

"சரி." வாசல்வரை போய்த் திரும்பினார். "கொம்பன் அந்தப் பக்கந்தான் இருக்கு. சாணி புதுசு. பார்த்துப் போங்க."

அவர் ஏன் அதைக் கேட்டார்? காட்டுநாயக்கர் ஆள், பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் கிடப்பவர், தினக்கூலி உதவியாளர். என் ரெஜிஸ்டரில் அவருக்கு என்ன வேலை?

ஜனவரி 24, வியாழன்

ஸ்டோரில் இருக்கும் மருந்துப் பவுடர் மூட்டை இளைத்திருக்கிறது. செத்த குரங்கு கிடைத்தால் சுற்றி ஐம்பது மீட்டருக்குத் தூவுவதற்காக வைத்திருப்பது. இந்த சீசனில் ஒரு குரங்கும் சாகவில்லை. மூட்டையைப் பிரிக்கவே இல்லை. ஆனால் வாய்க்கட்டு வேறு மாதிரி இருக்கிறது. நான் இரட்டை முடிச்சுப் போடுவேன். இது சுருக்கு.

ஸ்டோர் சாவி என்னிடம் ஒன்று, கேத்தனிடம் ஒன்று.

மூட்டையின் உள்பக்கம், பவுடர் நிற்கும் மட்டத்தில், பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 28, திங்கள்

இரண்டாம் ஸ்பாட்டில் 31. எல்லாம் ஹீமா குஞ்சு. நாலில் பூஜ்யம். மற்றதெல்லாம் வழக்கம்போல.

கேத்தன் மேல் புகை வாசம். பீடிப் புகை அல்ல, மயிர் பொசுங்கின வாடை. முயல் வேட்டையோ என்னவோ. கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார்.

ஜனவரி 30, புதன்

கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கிவிட்டது பவுடர்.

டாக்டர் அமீருன்னிசாவிடம் சொன்னேன். எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். வரிசையில் நாற்பது பேர். "கேத்தனா? ஆறு வருஷமா இருக்காரு. எடுத்ததைப் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்க்கலை. ஆனா இஞ்சித் தோட்டத்துக்காரங்க பூச்சிக்குப் போட இதைத்தான் தேடுறாங்க."

"பார்த்துட்டுச் சொல்லுங்க கோமளா. சந்தேகத்துல ஒருத்தர் பொழைப்பைக் கெடுக்க வேண்டாம்."

என்னைத்தான் குற்றவாளி போலப் பார்த்தார். இனி ஆதாரத்தோடுதான் போவேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

இரண்டாம் ஸ்பாட்டின் 31-க்காகக் கூட்டம். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் விறகு பொறுக்குவது அந்தப் பக்கம்தான். அங்கே பவுடர் தூவி, போர்டு வைத்து, யாரும் போகக்கூடாது என்று மைக்கில் அறிவிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். விறகுக்கு எங்கே போவார்கள் என்று எஸ்டேட் கண்காணி கேட்டார். டாக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"நாலாவது சுத்தமா இருக்கே. மூணு வாரமா பூஜ்யம். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லலாமா, கோமளா?"

அங்கே யானை நடமாட்டம் உண்டு என்றேன். பகலில் கும்பலாகப் போனால் பயமில்லை என்றார் கண்காணி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெஜிஸ்டரில் இருப்பதுதான் இருக்கிறது, நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

கேத்தன் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏன்?

சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் பக்கம் போகாதீர்கள், மூங்கில் பக்கம் போங்கள். குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், கொசு.

பிப்ரவரி 4, திங்கள்

இன்று கேத்தனைப் பின்தொடர்ந்தேன்.

"நான் நாலுக்கு, நீங்க ஐந்துக்கு" என்று சொல்லிப் பிரிந்து, உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்துக்குப் போகவேண்டிய ஆள் பத்தே நிமிடத்தில் திரும்பிவந்து மூங்கில் பக்கம் ஏறினார். முதுகில் தேன் டின். கையில் வெள்ளைத் துணி சுற்றிய கம்பு, ஆபீஸ் துணி. நாலாம் ஸ்பாட்டில் ஏதோ வைத்திருக்கிறார். கண்ணியா, சாராய ஊறலா, பவுடரைப் பதுக்குமிடமா.

மூங்கில் வரைக்கும் போனேன். அதற்குமேல் ஒற்றையடிப் பாதை, இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர். காற்றே இல்லை. எங்கேயோ மூங்கில் ஒன்று உரசிக் கிறீச்சிட்டது. ஆதாரம் போதும் என்று தோன்றியதால் திரும்பிவிட்டேன்.

நாலில் பூஜ்யம்.

பிப்ரவரி 6, புதன்

துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ஐந்து துணியில் ஒன்றுக்குத் துவைக்கவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் துவைத்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

மேல் டிவிஷன் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தவமணி, கொழுந்து பறிப்பவள், முப்பத்தாறு வயது. நேற்றிலிருந்து காய்ச்சல், தலை பிளக்கிற வலி, கண் இரண்டும் செங்கல் நிறம். இடுப்பு வலியில் நிமிர முடியவில்லை. புருஷன் சிவபாலன் தோளில் தாங்கி வந்தார்.

டாக்டர் அவள் காலைச் சோதித்தார். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் ஒன்று, இடுப்பில் புடவைக்கட்டுக்குக் கீழே ஒன்று. இடுக்கியால் நான்தான் எடுத்தேன். ஹீமா குஞ்சு. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"எங்கம்மா விறகுக்குப் போன?"

"மைக்குல சொன்னாங்களே டாக்டரம்மா, மூங்கிலுக்கு அந்தப் பக்கம். போன வாரம் ரெண்டு தரம் போனேன். ஒரு ஆளு வந்து யானை இருக்கு போகாதீங்கன்னாரு. மத்தவங்க திரும்பிட்டாங்க. நான் சாணி ஏதும் பார்க்கலை. அதான் போயிட்டேன்."

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு ரெஜிஸ்டரை மறுபடி பார்த்தார். "நாலுல ஒண்ணுமே இல்லையே. ரெண்டாம் பக்கம்தான் போயிருக்கணும். தடை போட்ட இடம்னு பயந்து மாத்திச் சொல்றா."

"காய்ச்சல்ல குழம்பியும் சொல்லலாம்" என்றேன்.

ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறது. நாளை இரண்டாம் ஸ்பாட்டில் மறுபடி பவுடர் தூவுகிறோம், இந்த முறை நூறு மீட்டருக்கு.

அந்த ஆள் யார், யானை என்று சொல்லித் திருப்பியவர்? கேத்தனாகத்தான் இருக்கும். அவருடைய பதுக்கலை யாரும் பார்த்துவிடக் கூடாது.

பிப்ரவரி 15, வெள்ளி

தவமணிக்குக் குரங்குக் காய்ச்சல்தான். உறுதியாகிவிட்டது. ஈறில் ரத்தம் கசிவதால் கோவைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது சிவபாலன் என்னிடம் ஓடிவந்து, "மேடம், நீங்கதானே அந்தப் பூச்சியைப் பிடிக்கிறவங்க, இதுக்கு மருந்து உண்டுதானே" என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

யார் எங்கே கடி வாங்கினார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? தேயிலைக்குள்ளும் உண்ணி உண்டு. நாய்மேலும் உண்டு.

பிப்ரவரி 18, திங்கள்

கேத்தன் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்துவிட்டது போல.

ஒன்று, இரண்டு, மூன்று பார்த்தேன். 7, 5, 4. நாலு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலியாக விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20, புதன்

தவமணி இறந்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு. ஒரு பெண் இருக்கிறதாம், ஏழு வயது.

பிப்ரவரி 21, வியாழன்

கேத்தனின் மனைவி பொம்மி வந்தாள். காட்டுநாயக்கர் குடியிருப்பான தேன்பாறைப் பாடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். "நாலு நாளா நெருப்பாக் கொதிக்குது. கண்ணு ரத்தமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்குது. உங்களை மட்டும் கூட்டிட்டு வரச் சொல்லிச்சு."

போனேன். எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

குடிசையின் மூலையில் ஆபீஸ் துணி, தேன் டின். டின்னுக்குள் பாதி பவுடர். இஞ்சித் தோட்டம் எதுவுமில்லை. கேத்தன் சாக்கின்மேல் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பொம்மியை வெளியே போகச் சொன்னார்.

"நாலுல ரெண்டு குரங்கு செத்துக் கிடக்கு மேடம். பொங்கலுக்கு அடுத்த வாரம் பார்த்தேன். ஒண்ணை எரிச்சுட்டேன். இன்னொண்ணு பாறை இடுக்குல, எடுக்க முடியலை. பவுடர் போட்டேன், பத்தலை. துணி இழுத்துப் பார்த்தேன், கறுப்பா வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க பூஜ்யம் எழுதிட்டீங்களே."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் திங்களிலிருந்தே. சருகில் தடம் படிக்கத் தெரிந்தவருக்கு, என் பூட்ஸ் மூங்கிலைத் தாண்டவில்லை என்று தெரியாமலா இருக்கும்?

ஆம்புலன்ஸ் ஜீப் பாதை முடிகிற இடம் வரை வந்தது. அதுவரை போர்வையில் தூக்கி வந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் என் வேலையைக் காப்பாற்றப் போய்ச் சாகக் கிடக்கிறார், நான் மூட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் நாலாம் ஸ்பாட்டுக்குப் போகவில்லை. ஜனவரி ஏழுக்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

காலை எட்டு மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நாலாம் ஸ்பாட்டோட நம்பரெல்லாம் பொய் மேடம். நான் போகவே இல்லை."

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். "எந்த வாரம்?"

"ஜனவரி பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு, பிப்ரவரி நாலு, பதினொண்ணு. அஞ்சு தரம்."

"பிப்ரவரி ஒண்ணாம் தேதி கூட்டத்துல உங்ககிட்டதான் கேட்டேன்."

"ஆமா."

"நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

வெளியே கம்பவுண்டர் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அந்த மைக்கு என் பேர்ல போச்சு கோமளா. அங்க போங்கன்னு நான் சொன்னேன். அந்தப் பொண்ணு பொய் சொல்றான்னும் நான்தான் சொன்னேன்." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஃபோனை எடுத்தார். அரை மணி நேரத்தில் ஆட்டோ கிளம்பியது. மூங்கில் பக்கம் யாரும் போகாதீர்கள், போனவர்கள் உடனே வந்து காட்டுங்கள். மத்தியானத்துக்குள், மூங்கில் வரைக்கும் போய்த் திரும்பியவர்களையும் சேர்த்து, பதினேழு பெண்கள் வந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல் இருந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி, "நீங்கதானம்மா அங்க ஒண்ணுமில்லன்னது" என்றாள். கோபமாகக் கூட இல்லை, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவள் போல.

பிப்ரவரி 23, சனி

மாவட்டத்திலிருந்து வந்த குழுவோடு நாலாம் ஸ்பாட். வழி காட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். யானை இல்லை. பழைய சாணிகூட இல்லை.

முதல் பத்தடியில் துணியைத் திருப்பினோம். மிளகுத்தூள் சிந்தியது போல் இருந்தது, ஆனால் நகர்ந்தது. எண்ணி முடித்தபோது நூற்று நாற்பத்தேழு. கேத்தன் எரித்த இடம் கறுப்பு வட்டமாக இருந்தது, சுற்றிலும் வெள்ளைப் பவுடர், மழை படாததால் அப்படியே. பாறை இடுக்கில் இன்னொரு குரங்கு. கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காட்டை ஆறு மாதத்துக்கு மூடிவிட்டார்கள். ஆடு மாடு, விறகு, தேன், எதற்கும் அனுமதியில்லை.

மார்ச் 1, வெள்ளி

காய்ச்சல் வந்த இரண்டு பெண்களும் தேறிவிட்டார்கள். எனக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் ஃபோனில், "நீ மட்டுமா இப்படி எழுதுறே, எல்லாரும்தான் எழுதுறாங்க, நீயா போய் எதுக்குச் சொன்னே" என்றார். வைத்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

கேத்தன் கோவையிலிருந்து வந்துவிட்டார். பாடிக்குப் போனேன். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிப் போயிருந்தேன். பாடியில் யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு கிழவர் என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

கேத்தன் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாகிவிட்டார். கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். உங்களைத் திருடன் என்று நினைத்தேன், டாக்டரிடமும் சொன்னேன், நீங்கள் எனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தீர்கள், இதை எப்படித் தீர்ப்பேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்காகன்னு யார் சொன்னது மேடம்?"

எனக்குப் புரியவில்லை.

"நாலுக்கு மேலதான் எங்க தேன் மரம். பதினெட்டுக் கூடு. முன்னே ஒரு தரம் வடக்குக் காட்டுல ஒரு குரங்கு செத்ததுக்கு ஒரு வருஷம் பூட்டுனாங்க. பாடி மொத்தமும் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போச்சு. ரெண்டு குடும்பம் திரும்பவே இல்லை. சித்திரையில தேன் எடுத்துட்டா அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நானே சுத்தம் பண்ணிரலாம்னு நினைச்சேன்." தோளைக் குலுக்கினார். "நீங்க பூஜ்யம் எழுதுனது எனக்கு வசதியாப் போச்சு."

"கொம்பன்?"

"அது நாம பார்த்த அன்னிக்கே ஆத்தைத் தாண்டிப் போயிருச்சு. நீங்க அங்க வந்துரக் கூடாதுன்னு சொன்னேன். நீங்களும் உடனே நம்புனீங்க."

எனக்கு முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"மைக்குல சொன்னப்ப நீங்க வாசல்ல நின்னீங்க" என்றேன்.

"நின்னேன். நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க நான் சொல்லுவேன்னு பார்த்தீங்களா?"

"இல்ல. உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

"தினம் மூங்கில்கிட்ட நின்னு யானை யானைன்னு திருப்பி விட்டேன். அந்தம்மா மட்டும் சிரிச்சுட்டுப் போச்சு. கூடப் போய்க் கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம்." பாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இங்க எல்லாரும் நீங்கதான் காட்டைப் பூட்ட வச்சீங்கன்னு பேசுறாங்க. நான் முன்னாடியே பார்த்தது இவங்களுக்குத் தெரியாது. சொல்லணும். உடம்பு கொஞ்சம் நிமிரட்டும்."

சொல்வாரா? தெரியவில்லை. இப்போது அவரைச் சந்தேகப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் மலை இறங்கினேன்.

மார்ச் 7, வியாழன்

விசாரணை அதிகாரி நாளை வருகிறார். அவர் அறிக்கை போய், அது பேப்பரில் வந்து, அதிலிருந்து சிவபாலன் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

லைன் வீடு, வரிசையில் கடைசி. சிவபாலன் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, வகிடு கோணலாக இருந்தது. பெண் தலையை ஆட்டாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நான்தான் அனுப்பினேன் மேடம்" என்று அவரே ஆரம்பித்தார். "காஸ் தீர்ந்துபோச்சு. அவ அன்னிக்குப் போகமாட்டேன்னா. தலை வலிக்குதுன்னா. நான்தான் நச்சரிச்சேன். அவ பேச்சைக் கேட்டிருந்தா..."

"அது உங்க தப்பில்லைங்க."

பெண்ணைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதி போகவில்லை, என்ன எழுதினேன், கூட்டத்தில் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தேன். இருபத்தொன்றாம் தேதிவரை எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும்.

அவர் சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ மூங்கில் பக்கம்தான் போனேன்னு சொன்னாளே. அதை யாரும் நம்பலையா?"

"நம்பலை."

"உங்களுக்குத் தெரியும், அவ சொல்றது நிஜம்னு."

"தெரியும்."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார், அல்லது எதையாவது எடுத்து அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எதுவானாலும் உட்கார்ந்தே இருப்பது என்று முடிவு செய்தேன். பெண்ணின் பள்ளிக்கூட நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்தார். பென்சிலைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பேனா தேடி எடுத்து வந்தார்.

"எழுதிக் கொடுங்க. அவ நிஜத்தைத்தான் சொன்னா, நீங்கதான் பொய் எழுதினீங்கன்னு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. ஆபீசருக்கு இல்லை, எம் பொண்ணுக்கு. அவ அம்மா தடையை மீறிப் போய்ச் செத்தான்னு ஸ்கூல்ல பேசிக்கிறாங்களாம். வந்து அழுவுது. நான் சொன்னா யாரு நம்புறா."

முழங்கால்மேல் நோட்டை வைத்து எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. என் முழுப்பெயர், பதவி, ஊர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பேரு தப்பு. தவமணி இல்லை. தவமணிதேவி."

அடித்துவிட்டு எழுதப் போனேன். அடித்தல் திருத்தல் வேண்டாம், வேறு தாளில் எழுதுங்கள் என்றார். புதுப் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.